மடிந்த காது

மலைமேல் கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேவசிகாமணியின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பலகைதான். ‘நாய் சமாதி’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. முன்பு தகரத்தில் கரிக்கட்டையால் கிறுக்கி வைத்திருந்தார்கள். இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்து, காது மடிந்த கறுப்பு நாய் ஒன்றையும் வரைந்திருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பலகையும் கிடையாது, நாயும் கிடையாது. இரண்டையும் உண்டாக்கிய புண்ணியவான் அவர்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடித்து வைத்த தாள் பத்திரமாக இருந்தது. எங்காவது விழுந்து தொலைந்திருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

சேலத்தில் வாரப்பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். ராஜா, போர், கோட்டை பக்கம் தலைவைத்துப் படுக்காத சரித்திர எழுத்தாளர். மலைக்கு முதல் குடை எப்போது ஏறியது, பல்லக்குத் தூக்கிகளுக்குத் தோளில் காய்த்த இடத்துக்கு என்ன மருந்து போட்டார்கள், ஒரு கலெக்டரின் பொய்ப்பல் ஏரியில் விழுந்தபோது எத்தனை பேர் முங்கித் தேடினார்கள் என்று, ஒருத்தருக்கும் தோன்றாததைத் தோண்டி எடுத்து எழுதுவார். அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டது 1979இல் எழுதிய நாய்க் கட்டுரை. அதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் போட மெட்ராஸ் பதிப்பாளர் ஒருவர் முன்வந்திருந்தார். அட்டைகூட அச்சாகிவிட்டது.

கட்டுரை பிறந்த கதை இதுதான். இங்குள்ள காப்பி எஸ்டேட்டின் பழைய பங்களாவில், 1922இல் அங்கிருந்த துரை தன் தங்கைக்கு எழுதி, தபாலில் சேர்க்காமலே விட்ட கடிதத்தின் முதல் தாள் கிடைத்தது. கரடி பாய்ந்ததும் சின்னன் குறுக்கே விழுந்தான், எனக்காகச் செத்தான், பங்களாவுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தேன் என்று அதில் இருந்தது. மரத்தடியில் போய்ப் பார்த்தால் பாசி படிந்த கல். அதில் இங்கிலீஷில் சின்னன் என்ற பேரும், கீழே ‘ஃபெய்த்ஃபுல்’ என்ற ஒரே சொல்லும். நன்றியுள்ள, என்று தமிழில் சொல்லிப் பார்த்தார் தேவசிகாமணி. நன்றியுள்ள என்றால் நம் ஊரில் எது ஞாபகத்துக்கு வரும்? மூன்றாம் வகுப்பு வியாசத்திலிருந்து அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம். துரைமார்தான் நாயையும் ‘அவன்’ என்பார்களே! முடிந்தது கதை. கறுப்பு நிறம், மடிந்த இடது காது, துரை சாப்பிடாமல் தானும் சாப்பிடாத குணம், இதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. கட்டுரைக்கு உப்பு வேண்டாமா என்று அவரே போட்டது.

போன வாரம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சுப்பிரமணியிடமிருந்து ஒரு கவர் வந்தது. பழைய மேஜையை ரிப்பேருக்குக் கொடுத்தபோது டிராயருக்கு அடியில் ஒட்டிக் கிடந்ததாம். உங்கள் நாய்க் கடிதத்தின் மிச்சம் போலிருக்கிறது என்று எழுதி, துரையின் இரண்டாம் தாளை வைத்திருந்தார். ‘அவன் பெண்டாட்டி கண்ணாயி மாரமங்கலத்திலிருந்து நடந்து வந்தாள். நிறைமாதம். இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நின்றாள். கரடி மிச்சம் வைத்ததை நாங்கள் புதைத்தாகிவிட்டது. என்னவென்று சொல்வேன்? அவன் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு ஓடிப்போய்விட்டான் என்று சொல்லச் சொன்னேன்.’ கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பூதத்துக்கு முகமும் இருந்தது. அதுதான் அவரை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. எஸ்டேட் வாட்ச்மேன் அங்கப்பன், மாரமங்கலத்துக்காரர். முதல் தடவை வந்தபோது, நான் ஒரு ரைட்டர் என்று தேவசிகாமணி சொல்ல, எந்த எஸ்டேட்டில் என்று கேட்ட மனுஷன். கல்லில் சின்னன் என்று எழுதியிருக்கிறது, துரையின் நாய் என்று சொன்னதும் அங்கப்பன் சிரித்துவிட்டார். தன் அப்பன் பேரும் அதுதான் என்றார். மலையில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு சின்னன் மேல்தான் விழும். “நான் வயித்துல இருக்கறப்பவே எங்கம்மா கண்ணாயிய உட்டுப்போட்டு ஓடிப்போன ஆளுங்க. அந்தப் பேர நாய்க்கு வெச்சது பொருத்தந்தானுங்க” என்றார். தேவசிகாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே திரும்பினாலும் காதில் விழுந்தது. குழாயடியிலும் விழுந்தது, அச்சகத்திலும் விழுந்தது. தாளைக் கொளுத்திவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது என்று தீப்பெட்டியைக்கூட எடுத்தார். கை வரவில்லை.

மரத்தடியில் பனி இறங்கியிருந்தது. காலை பத்து மணிக்கே சாயங்காலம் மாதிரி இருந்தது. யாரோ கீழ்நாட்டுக் குடும்பத்துக்கு அங்கப்பன் சமாதியைக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பதித்த கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். கல்லின்மேல் யாரோ வைத்த பிஸ்கட்டுகள்.

“நல்ல கறுப்பு நாயிங்க. எடது காது மட்டும் மடிஞ்சிருக்குமுங்க. தொரை சாப்பிடாம அது வாய் வெக்காதுங்க.”

தேவசிகாமணியின் பொய் ஒரு எழுத்துக்கூட மாறாமல் அந்த வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெற்ற அப்பனுக்கு மகன் காது மடித்துக்கொண்டிருந்தார். சொன்னவர் காதையே பார்த்தார் இவர். சாதாரணக் காது, நரைமயிர் முளைத்த, வயசான மனுஷன் காது. கட்டுரையில் எத்தனை இடத்தில் ‘அது’ என்று எழுதினோம் என்று மனசு பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

குடும்பம் போனதும் அங்கப்பன் அவரைக் கண்டு மலர்ந்தார். வாங்க ரைட்டரய்யா, உங்களால எனக்கு ஓயாத ஜனம் என்றார். சோற்று நேரம் ஆகவில்லை. ஆனாலும் வழக்கப்படி கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார். களியும் கீரையும். ஒரு வாய் சாப்பிடச் சொல்லி நீட்டினார். அப்போதும் சொல்லாமல் திரும்பியிருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிப் பழகிய ஆள்தான் அவர். ஆனால் கல்லின்மேல் அந்தப் போசியைப் பார்த்ததும் விழுங்க முடியவில்லை.

“அங்கப்பண்ணா, கொஞ்சம் எந்திரிங்க. நான் ஒண்ணு படிக்கணும்.”

படித்தார். இங்கிலீஷை வரிவரியாகத் தமிழாக்கி, எதையும் கூட்டாமல், இந்த ஒரு தடவையாவது எதையும் கூட்டாமல் படித்தார். கண்ணாயி என்ற பேர் வந்த இடத்தில் அங்கப்பனின் கை போசி மூடியைத் தேடியது. நாய் என்று எழுதியது தன் தப்பு என்றும், காதும் நிறமும் தன் கற்பனை என்றும் சொல்லி முடித்தார் தேவசிகாமணி. திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று காத்திருந்தார். அங்கப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எங்கம்மா சாகற வரைக்கும் தாலிய கழட்டலீங்க. ஓடிப்போனவன் என்னைக்காச்சும் வருவான்னு. ஊரே சிரிச்சுதுங்க. நானுந்தான் நொம்பப் பேசிப்போட்டேன்.” கல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க, தலைய எந்தப் பக்கம் வெச்சாங்கன்னு அதுல போட்டிருக்குதுங்களா? எங்க ஜனத்துல தெக்கால வெப்பமுங்க. தொரைக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. ஆறு வருசமா உக்காந்து சோறு தின்னேனே, தலைமேலயா கால்மேலயாங்க?”

தேவசிகாமணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ விநோதங்களைத் தேடிக் கண்டுபிடித்தவர். இது அந்தத் தாளில் இல்லை.

பனிக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு வேன் வந்து நின்றது. முன்னால் இறங்கியவர் பின்னால் வந்த தன் மகளிடம் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, நாய் சமாதி இதுதானுங்களே என்று கேட்டார்.

“நாய் இல்லைங்க” என்றார் தேவசிகாமணி. “மனுஷன். இவரைப் பெத்தவர்.”

வந்தவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சும்மா சொல்லாதீங்க. பத்திரிகையிலயே வந்திருக்குதுங்க. நல்லா ஆராய்ச்சி பண்ணின ஆள் எழுதினது.”

அந்தச் சின்னப் பெண் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு கல்லை நோக்கி ஓடினாள். தடுக்கப் போன அங்கப்பன் சுண்ணாம்புக் கற்களுக்கு உள்ளே வைக்க ஒரு காலைத் தூக்கினார். தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.