வம்மியடிக் கடவை

பின்பக்கம் கட்டியிருந்த மணல் மூட்டை மழையில் ஊறிக் கனத்துப்போனதால், ரயில் கடவையின் இரும்புத் தடி கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. செசீலியா கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. தடி இறங்கிய கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து வந்த வண்டி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. தடியை மேலே விட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். தரிப்பிட மேடையைக் கூட்டுவதும் இப்போது அவள் தலையில்தான். அந்த வேலைக்கு இருந்தவரை, ரயில் பகுதிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் போன மாதமே நிறுத்திவிட்டார்.

வம்மியடித் தரிப்பிடத்தை யாரோ பெரியவர்கள் மனமிரங்கிக் கட்டிக் கொடுத்ததாக நினைக்கவேண்டாம். அந்தக் காலத்தில் வண்டி இங்கே நிற்காது. டவுனுக்கு மேசன் வேலைக்குப் போனவர்களும் மீன்காரிகளும் வாவிக்கரை மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து மேடை போட்டு, மனுவுக்கு மேல் மனு எழுதித்தான் வண்டியை நிற்கவைத்தார்கள். சண்டைக் காலத்தில் சிலிப்பர்க் கட்டைகளெல்லாம் காவலரண்களுக்குப் போயின. தண்டவாளம் திரும்பி வந்தபோது தகரக் கொட்டகையையும் சனமே போட்டது. இவ்வளவும் செய்த சனத்துக்குக் கடவையில் ஒரு சிவப்பு விளக்கு வைக்க மட்டும் எவருக்கும் கை வரவில்லை.

விளக்கும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஆகவே கடவைக்காரர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். வண்டி ஒரு கடவையைத் தாண்டியதும் அங்கே நிற்பவர் அடுத்தவருக்குச் சொந்தப் போனில் ஒரு மிஸ்கோல் கொடுப்பார். அன்னப்பூரணி பதியுதீனுக்கு, பதியுதீன் செசீலியாவுக்கு. பதியுதீன் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு நிற்கும் பத்து நிமிடம் மட்டும் தன் தடியை இறக்கிவிட்டுத்தான் தொழுவார். அந்த நேரத்தில் அன்னப்பூரணி அவரைத் தாண்டி நேரே செசீலியாவுக்கு அடிப்பாள். ஞாயிறு பூசைக்குச் செசீலியா போனால் அவளுடைய கடவையைப் பதியுதீன் வந்து பார்ப்பார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாட்டில் ஆறு வருடமாக ஒரு கோழி கூட அடிபட்டதில்லை.

அன்று கொழும்பு வண்டி போனபின் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. செசீலியா மேடையின் மறு அந்தத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். போன் அடிக்கவில்லை. அட்டவணையில் இல்லாத ஒரு தனி எஞ்சின் மழைக்குள்ளிருந்து வளைவில் வெளிப்பட்டபோது, மீன் பெட்டியோடு ஊர் மீன்காரன் அம்ஜத்தின் மோட்டார்சைக்கிள் கடவையில் ஏறிவிட்டது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். கத்தினாள். அம்ஜத் உயிர் தப்பினான். வலது கால் முழங்காலோடு போயிற்று.

முதல்நாள் மாலையே காரணம் சொல்லாமல் அன்னப்பூரணியை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவளுடைய போனையும் கொந்தராத்துக்காரரின் ஆள் ஏதோ விசாரணை என்று வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவளுடைய கடவையில் யாருமே இல்லை.

கொந்தராத்துக்காரர் ஜெயராஜா மூன்றாம் நாள் எழுதிய கடதாசியோடு வந்தார். பதியுதீன் கடமையை விட்டுத் தொழப் போனதால்தான் விபத்து என்று அதில் இருந்தது. செசீலியா கையெழுத்து வைத்தால் போதும், தரிப்பிட வேலையை அவளுக்கே நிரந்தரமாக்கித் தருவதாகச் சொன்னார்.

"அவர் கேற்ற இறக்கிட்டுத்தான் தொழுதவர், சேர். அன்னப்பூரணி நிண்டிருந்தா எனக்குக் கோல் வந்திருக்கும்."

"இஞ்ச பாரு பிள்ள, அந்தக் கோல் எந்தச் சட்டத்தில இருக்கு? அத வெளியில சொன்னா உனக்கும் சேத்துத்தான் வழக்கு. அவங்கட ஆளுக்காக நீ ஏன் உள்ளுக்குப் போகோணும்?"

'அவங்கட ஆள்' என்ற சொல்தான் அவளைச் சுட்டது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள், பயம் இல்லாமல் இருக்குமா? நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்ஜத்தின் மனைவி றபீக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். றபீக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிருந்து பதியுதீனிடம் போனாள். அவர் நோன்பு திறந்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"நீ கையெழுத்த வெச்சிரு தங்கச்சி. ரெண்டு பேரும் தெருவில நிண்டு என்ன காண்ற?"

அந்தப் பேச்சோடு அவளுடைய பயம் கோபமாக மாறியது. கடதாசியைக் கிழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வண்டி போனபிறகு தகரக் கொட்டகைக்குள் பன்னிரண்டு கடவைக்காரர்கள் கூடினார்கள். வேலையை விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம் என்றார் ஒருவர். அப்படிப் போனால் இன்னொரு அம்ஜத் அடிபடுவான், அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன் என்று பதியுதீன் எழுந்துவிட்டார். கடைசியில் செசீலியாதான் பேசினாள்.

"வீட்ட போக வேணாம். கேற்ற இறக்கிட்டு அதிலயே நிப்பம். றெயில் போகட்டும், றோட்டு நிக்கட்டும். அன்னப்பூரணிய திரும்ப வேலைக்கு எடுக்கோணும், பதியுதீன் நானாட பேரக் குற்றத்தில இருந்து விடோணும், ஒவ்வொரு கேற்றுக்கும் போன் பூட்டித் தரோணும். அதுவரைக்கும் தூக்குறல்ல. அம்புலன்ஸ் வந்தா மட்டும் தூக்குவம்."

திங்கள் காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு கடவைகளிலும் தடிகள் இறங்கின. வம்மியடியில் இருபக்கமும் லொறிகளும் வேன்களும் நெருக்கியடித்து நின்றன. ஜெயராஜா தன் வாகனத்தை விட்டிறங்கி வந்து, பன்னிரண்டு பேரும் இன்றோடு வேலையில் இல்லை, பொலிஸ் வருகிறது என்று சத்தம் போட்டார். வண்டிக்குக் காத்திருந்த மேசன்மார் சிலர் மேடையிலிருந்து இறங்கிவந்து தடியோரம் நின்றார்கள். வேலைக்கு நேரமாகிறதே என்று ஏசியவர்களும் இருந்தார்கள்.

அந்த நெருக்கத்துக்குள் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உள்ளே சாப்பாட்டுக் கூடையோடு றபீக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். செசீலியா யாரையும் கேட்காமல் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

றபீக்கா இறங்கி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அவிழ்க்காதீங்க அக்கா. ஒருக்காத் தூக்கினா எல்லாரும் பாய்ஞ்சிருவாங்க."

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். குனிந்து தடிக்குக் கீழால் நுழைந்து, தண்டவாளத்தின் இருபுறமும் பார்த்துக் கடந்து, அந்தப் பக்கத்து லொறிகளுக்கு நடுவே ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள். செசீலியா முடிச்சை மறுபடி இறுக்கினாள். அவளுக்குப் பின்னால் அன்னப்பூரணியும் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.