சைபர் புள்ளி எண்பத்தொன்று

சர்வேயர் நாராயணசாமி மேட்டில் பாதி ஏறியதும் பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் வாங்கிய செருப்பு கல்வராயன் மலைக்கு ஆகவில்லை. வார் அறுந்து தொங்கியது. பின்னால் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பிச்சைமுத்து சுமையோடேயே நின்றான். தினக்கூலிக்காரன், ஐயா சொல்லாமல் இறக்க முடியாது.

மேட்டு நிலத்துக்காரன் மாயவன் விடிந்ததிலிருந்து அவருக்காக அங்கேதான் காத்திருந்தான். கச்சிராயபாளையத்திலிருந்து புளி வாங்க வரும் வியாபாரிகளை இருபது வருஷமாகப் பார்க்கிறவன் அவன். மூட்டைக்குள் கையைவிட்டுத் துழாவுகிறவனிடம் பேரம் நடக்காது. மூட்டைப் பக்கம் திரும்பாமல் குடிக்கத் தண்ணீர் கேட்கிறவன், சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிற ஆள். ஐயா தண்ணீர் கேட்டார். மாயவனுக்கு மனசு குளிர்ந்தது.

மலையில் நிலத்துக்கு அளவு வள்ளம்தான். ஒரு வள்ளம், அதாவது நாலு படி, சாமை விதைக்கிற இடம் ஒரு வள்ளம் நிலம். மாயவனுக்கு ஐந்து வள்ளம். அதை அவன் அப்பன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜாகீர் காலத்தில் வள்ளத்துக்கு ஆறு நாள் ஜாகீர்தார் காட்டில் கூலியில்லாமல் உழைக்கவேண்டும். ஐந்தை இரண்டென்று சாதிக்கத் தெரிந்தவனுக்கு வருஷத்தில் பதினெட்டு நாள் மிச்சம். ஜாகீர் ஒழிந்து பத்து வருஷமாயிற்று. நாக்கு இன்னும் அதே கணக்கில்தான் புரண்டது.

"எத்தினி வள்ளம்யா உனக்கு?"

"இன்னா சாமி பெருசா. ஒரு வள்ளம்."

"ஒரு வள்ளத்த வச்சிக்கினா பொண்டாட்டி புள்ளைங்கள காப்பாத்தற? மூணு போடறேன்."

"மூணுக்கு நான் எங்க சாமி போவேன்?"

"மேல இன்னாது?"

"பாறை சாமி. ஆடுகூட வழுக்கும்."

"அதுக்கப்பால பச்சையா தெரியுதே?"

"காட்டுப்புல்லு சாமி."

விதைத்து ஒரு மாதமான சாமை. ஐயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கும் புல் என்றே பட்டது. பயிரென்று பட்டால் அங்கே ஏறி அளக்க வேண்டியிருக்கும்.

ஐயாவுக்கு ஒரு சேவல் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு மாயவன் குடிசைப் பக்கம் நடந்தான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பிச்சைமுத்து பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, உள்ளதச் சொல்லிடு. இது வரிக்கு இல்ல, பட்டாவுக்கு. நீ சொல்லாதது அத்தினியும் சர்க்காரு நெலமாப் பூடும்."

"உனக்கு எத்தினி நெலம் இருக்குது?"

"எனக்கா? ஊரு நெலமெல்லாம் என் சங்கிலியிலதான் இருக்குது. சொந்தமா ஒரு சாண் கெடையாது. அதனாலதான் சொல்றேன்."

மாயவன் சிரித்தான். இதுவும் அவன் கண்ட வித்தைதான். எந்த வியாபாரி மலையேறினாலும் கூடவே ஒருத்தன் வருவான். தனியாகக் கூப்பிட்டு, உன் நல்லதுக்குச் சொல்றேன் என்று காதைக் கடிப்பான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள்.

"போய்யா. இந்த ஜாலமெல்லாம் இந்த மலையில எடுபடாதுன்னு உங்க ஐயாகிட்ட சொல்லு."

கால் கட்டிய சேவலும் ஒரு பாட்டில் தேனும் பலாமரத்தடிக்கு வந்து சேர்ந்தன.

"ரெண்டு வள்ளம் சாமி. எங்கம்மா மேல ஆணையா அதுக்கு மேல இல்ல."

ஐயா தோற்றவர்போல் பெருமூச்சு விட்டார். "சரி, ஒழி. ரெண்டு வள்ளம்னா ரெண்டு ஏக்கர். ஏக்கரும் இப்ப செல்லாது, ஹெக்டேர்லதான் எழுதணும்." நோட்டில் ஏதோ பெருக்கினார். சங்கிலி சுருள் பிரியாமலே கிடந்தது. "சைபர் புள்ளி எண்பத்தொண்ணு."

"சைபரா சாமி?"

"ஒண்ணுக்கும் கம்மி. இங்க ரேகை வை."

மேட்டுக்காட்டில் அவன் மனைவி காசியம்மாள் களையெடுத்துக்கொண்டிருந்தாள். மாயவன் கீழேயிருந்தே கத்திக்கொண்டு ஏறினான்.

"அஞ்சு ரெண்டாச்சு புள்ள! ரெண்டு, ஒண்ணுக்கும் கம்மியாச்சு! எங்கப்பன்கூட இவ்ளோ கொறச்சதில்ல."

"சேவலு எங்க?"

"சேவலு போனா போவுது."

காசியம்மாள் நிமிர்ந்தாள். "சந்தையில வாங்கறவன்தான் கொறச்சிக் கேப்பான். நீ எந்தப் பக்கம் ஒக்காந்து பேசிட்டு வந்த?"

"வரி கேட்டு வருவானுங்க பாரு, அப்பத் தெரியும் உனக்கு."

வரி கேட்டு யாரும் வரவில்லை. கார்த்திகையில் சாமை முற்றித் தலைசாய்ந்த சமயம், ஐயாவே வந்தார். காக்கிச்சட்டை ஃபாரஸ்ட் கார்டு ஒருவன் கூட வந்தான். நாலு ஆள் எல்லைக் கல் சுமந்து வந்தார்கள். பிச்சைமுத்து பலாமரத்தில் தொடங்கிச் சங்கிலியை இழுத்தான். சைபர் புள்ளி எண்பத்தொன்று, சாமைக் காட்டின் அடியில் ஓடும் ஓடைக்கு மேலே பத்தடியில் முடிந்துபோயிற்று.

"அதுக்கு மேல சர்க்கார் எடம்," என்றார் ஐயா.

"சாமி, அஞ்சு வள்ளம் சாமி. நெசமா அஞ்சு."

"அன்னைக்கி அம்மா மேல ஆணைன்ன?"

"அது பேரம் சாமி."

"மூணு போடறேன்னேனே. வுட்டியா நீ?"

"வெளஞ்சி நிக்குது சாமி, கண்ணால பாருங்க."

"புல்லுன்னு நீதான் சொன்ன. புல்லுக்கா அறுவாளோட நிக்குறா அந்தப் பொம்பள?"

கார்டு மேலே பார்த்துக் கத்தினான். காசியம்மாள் அரிந்த ஒரு கதிர்க்கட்டையும் அங்கேயே போட்டுவிட்டு இறங்கினாள். மாயவனைத் தாண்டிப் போனாள். மாயவன் பிச்சைமுத்துவின் முகத்தைப் பார்த்தான். அவன் குனிந்து சங்கிலி வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே எண்ணிய வளையங்கள்தான்.

மேலே நடவேண்டிய கல் இன்னும் மூன்று கிடந்தது. ஆட்களில் ஒருவனுக்குக் காலில் அடி.

"கல்லுக்கு எட்டணா. தூக்கறியா?" என்றார் ஐயா.

கல் தூக்குகிறவனைத் தவிர வேறு யாரையும் கார்டு மேலே விடவில்லை. மாயவன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக் கல்லை ஏற்றிக்கொண்டான். சாமைக்குள் நடக்கையில் கதிர்கள் கெண்டைக்காலில் உரசி உதிர்ந்தன. மிதிக்காமல் போக வழியில்லை. பிச்சைமுத்து குழி தோண்டினான். வருஷா வருஷம் எரு கொட்டிய மண். கடப்பாரைக்கு வேலையே வைக்கவில்லை.

கீழேயிருந்து ஐயாவின் குரல் வந்தது. "ஆடக்கூடாது. நல்லா கெட்டிச்சி வையுங்க."

மாயவன் மண்ணைத் தள்ளினான். குதிகாலால் சுற்றிலும் மிதித்தான். அப்புறம் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, முழுப் பலத்தையும் போட்டு அசைத்துப் பார்த்தான். ஆடவில்லை.