பித்தளை தெரிந்த இடம்

முருகப்பன் அண்ணன் அந்தக் கேமராவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது நான் முற்றத்தில் வேறொரு கேமராவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அமராவதிபுதூரில் என் வீடுதான் என் பட்டறை. பழைய ஃபிலிம் கேமராவைக் கழற்றி, வண்ணத்தை உரித்து, சுருக்க பெயின்ட் அடித்துத் தருவேன். அடித்த கையோடு வழவழவென்றுதான் இருக்கும். உச்சி வெயிலில் வைத்தால் பாலாடை போலச் சுருங்கி, தொட்டால் சொரசொரக்கும். எங்கள் ஊர் வெயில் வேறு எதற்குத்தான் உதவுகிறது, சொல்லுங்கள்!

"அப்பச்சியோடதும்மா," என்றார். அப்பச்சி என்றால் அவருடைய தகப்பனார். போன வருஷம் இறந்துபோனவர். "படைப்பு வருதுல்ல, செத்தவுகளுக்குப் புதுத்துணி எடுத்துவச்சுக் கும்புடுவோம். எந்நேரமும் இதைக் கையிலயே வச்சிருந்தாக. அதான் இதுக்கும் ஒரு புது உடுப்பு போட்டு வச்சுருவோம்னு பாக்குறேன்."

கேமராவின் வலப்பக்கம் பெயின்ட் போய்ப் பித்தளை பளபளத்தது. முன்னால் நான்கு விரல் பிடித்த தடம், பின்னால் கட்டைவிரல் தடம். அந்த இடங்கள் லேசாகக் குழிந்தும் இருந்தன.

"இதெல்லாம் தெரியாமப் பண்ணிருவியா?"

"தெரிஞ்சா என்னை ஏன்னு கேளுங்கண்ணே," என்றேன். நாக்கில் சனி.

குழிகளில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மேலே சுருக்க பெயின்ட் ஏற்றினேன். என் கைக்கு நானே திருஷ்டி கழிக்கலாம் போல வந்தது. அலமாரியில் எடுத்துவைத்துவிட்டு மற்ற கேமராக்களைக் கவனிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் சரியாக வரவில்லை. காயவைத்த ஒவ்வொன்றிலும் சுருக்கத்துக்கு நடுவே நான்கு விரலளவு வழவழப்பு. உரித்து மறுபடி அடித்தால், மறுபடி. என் மகள் நித்யஸ்ரீ இரண்டாவது படிக்கிறாள். கை வைக்காத இடம் கிடையாது. கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"நான் ஒண்ணும் தொடல. தாத்தாதான் தொடுறாக."

"எந்தத் தாத்தாடி?"

"கை நடுங்குதும்மா, பாவம். புடிக்க எடம் தேடுறாக."

கதை விடுகிறாள் என்று ஒரு அதட்டுப் போட்டேன். மறுநாள் குளிக்க வைக்கும்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். தோளுக்குக் கீழே ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டைவிரல். காயம் இல்லை, தடிப்பு இல்லை. அங்கே மட்டும் தோலில் ரேகையோ பூனைமுடியோ எதுவும் இல்லாமல், தேய்த்த பாத்திரம் மாதிரி மின்னியது. கிள்ளினேன். அவள் சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவினால் அது நிற்காமல் வழிந்தது. மினுமினுப்பு விரல்வரை இறங்கி, பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வராமல் போயிற்று. இப்படியே விட்டால் என் மகளுக்கு அந்தக் கை இருந்தும் இல்லாததுதான் என்று எனக்குப் புரிந்தது. முருகப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க அப்பச்சிக்குக் கை நடுங்குமா?"

"உனக்கு யாரும்மா சொன்னது? கடைசிக் காலத்துல ரொம்ப நடுங்குச்சு. கேமராவைப் புடிச்சாத்தான் நிக்கும். தூங்கும்போதுகூடப் புடிச்சுக்கிட்டேதான் இருப்பாக."

அவர் பிடித்துக்கொண்டிருந்த இடத்தைத்தான் நான் பட்டி வைத்து மூடியிருந்தேன்.

அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தேன். பிள்ளை கையில் வெண்ணெய்த்தாளை வைத்து அந்த விரல்களை வரைந்து, அதே அளவுக்குக் கேமராவில் பெயின்ட்டைச் சுரண்டினேன். பித்தளை வந்தது. சுரண்டின வேகத்தில் குழி போய்விட்டது. எத்தனையோ வருஷம் பிடித்துப் பிடித்து விழுந்த குழி, என் அரத்துக்கு வருமா?

நித்யஸ்ரீ பக்கத்தில் நின்று பார்த்தாள். "தொட்டுப் பாத்தாகம்மா. இது இல்லைங்கிறாக."

எனக்கு வந்ததே கோபம். முற்றத்தின் நடுவில், மொட்டை வெயிலில் போய் நின்றேன்.

"பெரியவரே! ஒங்க எடத்தை மூடுனவ நானு. பச்சப்புள்ளையப் போட்டு என்ன வேலை இது? விடுங்க அவளை. எங்கிட்ட வாங்க!"

இடது கையை நீட்டினேன். ஒன்றுமில்லை. எனக்கு எல்லாமே வலது கைதான். ஸ்ப்ரே பிடிப்பதும் அதில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அதை நீட்டினேன்.

ஒவ்வொரு விரலாக வந்து பதிந்தது. அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. அந்தக் கை நடுங்கியதில் என் உடம்பே உதறியது. பிறகு நடுக்கம் மெல்ல அடங்கி நின்றது. வீட்டுக்குள்ளிருந்து என் மகள் வீறிட்டாள். "அம்மா, கையெல்லாம் எரியுதும்மா!" ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன். அவளுக்கு வலிக்கிறதே என்று அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

என் கை அன்றோடு சரி. சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. ஸ்ப்ரே நழுவி விழுகிறது. சொந்த வீட்டைப் பார்த்தால் பெரியவர் என் கையை விட்டு இறங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில், சுரண்டின இடத்தில் இடது கையாலேயே பெயின்ட் அடித்து ஒப்பேற்றி, படைப்பு நாளில் காரைக்குடியில் முருகப்பன் அண்ணன் வீட்டுக்கு நானே கேமராவைக் கொண்டுபோனேன்.

வேட்டி, துண்டு, இலை போட்டுச் சோறு, பழம். நடுவில் கேமராவை இடது கையால் வைத்தேன். "புதுசு கணக்கா இருக்கே!" என்றார்கள். விலகி வரப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பிடி என்னை அங்கேயே நிறுத்தியிருந்தது.

முருகப்பன் அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் தடுத்தும் கேளாமல் குனிய வைத்து, அவர் தலையில் போய் நின்றது. சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிரவில்லை. யார் கை என்றும் கேட்கவில்லை. தரையில் முகம் கிடக்க, சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினார்.

"அப்பச்சி… நடுக்கம் நின்னுருச்சா அப்பச்சி?"

இறங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாய் வரவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கையை எடுக்காமல் குனிந்தே நின்றேன்.