மஞ்சள் டின்னும் பச்சை டின்னும்

ஓமான் நாட்டு மத்ராவில் அந்த வீட்டுக்கு ஏறி வருகிறவர்கள் வாசலை அடைந்ததும் முதலில் சுவரைத்தான் பிடிப்பார்கள். மூச்சு திரும்பிய பிறகுதான் பேச்சு. ஜெபகனி அதற்காகவே வாசலில் ஒரு பலகை போட்டு வைத்திருந்தாள். அதில் உட்காராமல் உள்ளே வந்தவர் யாருமில்லை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கணவன் தேவசுந்தரத்தின் பின்னால் ஏறி வந்த வெளிநாட்டுக்காரர் மட்டும் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் முற்றத்தின் விளிம்பிலிருந்த குட்டைச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். கீழே செங்குத்தாக இறங்கும் மொட்டைப் பாறை. பாறையின் அடியில் சந்து. சந்துக்கு அப்பால் வெள்ளை வீடுகள், அதற்கும் அப்பால் புதுத் துறைமுகமும் கப்பல்களும்.

தேவசுந்தரம் வேர்வையைத் துடைத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னான். "பேரு ரொஹேலியோ. ஓரத்துல துருப்பிடிச்ச கப்பல் ஒண்ணு நிக்குல்லா, அதுல இன்ஜினியர். முதலாளி கைய விரிச்சிட்டான். சம்பளமும் இல்ல, டீசலும் இல்ல. டின் மீனையே தின்னுட்டுக் கெடக்காரு பாவம். சிலிக்காரரு."

"மொதல்ல உள்ள கூப்பிடுங்க. வெயில்ல நிக்காரு."

"கூப்பிட்டேன். காதுல விழல."

சிலி. உலகப் படத்தின் இடது ஓரத்தில் பாவாடை நாடாவைப் போல நீளமாகத் தொங்கும் தேசம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து ஓர் ஆள் தன் முற்றத்தில் வந்து நிற்பார் என்று நினைத்ததில்லை. அவர் திரும்பியபோது கண்கள் கலங்கியிருந்தன. கப்பல்களில் பழகிய உடைந்த இங்கிலீஷில், "படி, மலை, துறைமுகம். வால்பராய்சோ. என் ஊர்" என்றார். பிறகு சாப்பிட உட்காரும்வரை பேசவில்லை.

அந்த மௌனம் ஜெபகனிக்குப் பிடித்திருந்தது. அவளும் தேவசுந்தரமும் ஒரு மாதமாக மௌனமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அது வேறு வகை. "ஈஸ்டர் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போயிருதேன். ஜூன் வரைக்கும் என் வேலைய வச்சிருக்கதா பெரிய டீச்சர் சொல்லியிருக்காவ" என்று அவள் சொன்னாள். "சரி" என்றான் அவன். அதன்பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அவளுடைய பெட்டி கதவோரம் கட்டிவைத்தபடியே நின்றது. அவன் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அவன் நல்லவன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. துறைமுகத்தில் கிரேன் கொக்கிக்குச் சங்கிலி மாட்டும் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். குறைந்த வாடகைக்குக் கிடைத்ததென்று ஓமானிக்காரர் ஈசாவிடம் இந்த உச்சிவீட்டைப் பிடித்திருந்தான். தண்ணீர் வண்டி சந்து முனையோடு நின்றுவிடும். ஒவ்வொரு குடமும் தலையில் ஏறி வரவேண்டும். ஆனால் அவளை அரித்தது படியோ தண்ணீரோ அல்ல. சந்துக்கு இறங்கினால் கடைப்பலகை, லாரி, பஸ், எங்கும் அரபு எழுத்து. பத்து வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள் இங்கே ஒரு மருந்துக்கடைப் பெயரைக்கூட வாசிக்கமுடியாமல் நின்றாள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைப் பூசை தவிர அவள் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள்.

மீன்குழம்பின் இரண்டாவது சுற்றில் ரொஹேலியோவுக்கு நாக்கு அவிழ்ந்தது. அவர் சொன்னதை ஜெபகனி தமிழாக்கிச் சொல்ல, தேவசுந்தரம் வாயைத் திறந்தபடி கேட்டான். அவர் ஊரில் கடலோரமாகக் கைக்குட்டை அகலத்துக்குத்தான் சமதரை. அதில் சுங்கச்சாவடி, வங்கிகள், சந்தை. மற்ற ஊர் முழுவதும் நாற்பதுக்கு மேற்பட்ட குன்றுகளின் மேல். தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்த கப்பல்களெல்லாம் ஒரு காலத்தில் அங்கே நின்றுதான் இளைப்பாறும். பிறகு பனாமாவில் கால்வாய் வெட்டினார்கள். கப்பல்கள் வேறு வழி போய்விட்டன. ஊர் போகவில்லை. நெளிநெளியான தகரத்தைச் சுவர்களில் அறைந்து, கப்பல்களில் மிஞ்சிய பெயிண்டை வாங்கி வந்து பூசிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. ஒரு வீடு நீலம், அடுத்தது ஆரஞ்சு. என்ன நிறம் மிஞ்சுகிறதோ அதுதான் வீட்டின் நிறம்.

"பூகம்பம் வந்தால் வீடு கடலைப் பார்த்துக் கொஞ்சம் நகரும். நாங்கள் திரும்பப் பெயிண்ட் அடிப்போம்" என்று சிரித்தார்.

"ஊர் பூராவும் படியா? தபால்காரன் செத்தான்" என்றான் தேவசுந்தரம்.

ரொஹேலியோ இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து ஒரு நூலின் இரு முனைகளில் கட்டினார். நூலைச் செம்பின் விளிம்பில் போட்டார். ஒரு பெட்டியைக் கீழே இழுக்க, மற்றது மேலே வந்தது. குன்றுச்சரிவில் தண்டவாளம் போட்டு இப்படித்தான் ஆட்களை ஏற்றுவார்களாம். ஒன்று இறங்கும் பாரத்தில்தான் மற்றது ஏறும். அவர் மனைவி மார்த்தா சந்தையில் மீன் விற்பவள். காலையில் அவர் துறைமுக வேலைக்கு இறங்கும் பெட்டியும் அவள் விடிகாலை வியாபாரம் முடித்து ஏறும் பெட்டியும் நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும். அந்த ஒரு கணம் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நாக்கைத் துருத்திக் காட்டுவாள். "எங்கள் குடும்பமே அந்த ஒரு கணத்தில்தான் நடந்தது" என்றார்.

"ஏன் ஊருக்குப் போகல?" என்று ஜெபகனி கேட்டாள். அவர் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். தொழிற்சங்கத்து நண்பர்கள் பாதிப் பேர் எங்கே என்று தெரியவில்லை. வராதே என்று மார்த்தா சொல்லியனுப்பினாள். மூன்று வருஷம் ஆகப்போகிறது. தேவசுந்தரம் செம்பின் மேல் கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் ஒரு கப்பியும் கயிறும் இரண்டு மண்ணெண்ணெய் டின்களுமாக வந்தார்கள். கப்பலில் மிஞ்சிய பெயிண்டில் ரொஹேலியோ ஒன்றுக்கு மஞ்சளும் ஒன்றுக்குப் பச்சையும் அடித்திருந்தார். தேவசுந்தரம் குட்டைச் சுவரின் மேல் இரும்புக்குழாய் நட்டு அதில் கப்பியைத் தொங்கவிட்டான். கீழே இறங்கிப்போய்ப் பச்சை டின்னில் தண்ணீர் நிரப்பி, "ஏ ஜெபா, இழு!" என்று கத்தினான். பாத்திரம் துலக்கப் போயிருந்த ரொஹேலியோ ஓடிவருவதற்குள் அவள் இழுத்துவிட்டாள். மேலே மஞ்சள் டின்னில் ஒன்றுமில்லை. முழுப் பாரமும் அவள் கையில். பாதி உயரத்தில் கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு நழுவியது.

ஜும்மா தொழுதுவிட்டு வெள்ளை வெளேரென்ற உடுப்பில் சந்துக்குள் நுழைந்த மீராசாவின் மேல் அவ்வளவு தண்ணீரும் கொட்டியது. காயல்பட்டினத்துக்காரர். சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். பாறைக்கு நேர் கீழேதான் வீடு.

"யா அல்லா! மத்ராவுல மழையா?"

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி மதீனா பீவி கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. நான் தொவைக்கிறது மிச்சம்."

மேலே ரொஹேலியோ சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டு பெட்டி! ரெண்டிலும் பாரம்!"

தேவசுந்தரம் அசடு வழிய ஏறி வந்தான். "கிரேன்ல கொக்கி சும்மாதானே எறங்கும். அந்தப் புத்திலயே இருந்துட்டேன்."

வெகு நாளைக்குப் பிறகு ஜெபகனி சிரித்தாள். அவன் அவள் உள்ளங்கையை விரித்து எண்ணெய் தடவினான். அப்போதும் பெட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதன்பிறகு மேலே மஞ்சள் டின்னில் கற்களைப் போடுவாள். அது இறங்கும், தண்ணீர் ஏறும். விரலால் தொட்டால் போதும், கயிறு தானாக ஓடியது. ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் கீழேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர்! எங்க வாசல்ல மலையையே எறக்கி வச்சிட்டியளே! எங்க வீட்டு மனுசன் தாண்டிக் குதிச்சுல்ல கடைக்குப் போறாஹ! கல்லு போதும். வேற எதையாச்சும் அனுப்புங்க!"

"என்ன அனுப்ப? இங்க வேற என்ன கெடக்கு?"

"மீன்கொழம்பு மணக்குதே, அது கெடக்குல்ல?"

அன்று குழம்புச்சட்டி இறங்கியது. அது மட்டும் பாரத்துக்குப் போதாதென்று அம்மிக்குழவியும் கூடவே போனது. குழவி அடுத்த நடையில் திரும்பி வந்தது, கூடவே தமிழ்ப் பத்திரிகைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிய அல்வா. அல்வாவைத் தின்றுவிட்டுச் சுவரோரம் நின்று காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தவளிடம் கீழேயிருந்து மதீனா கேட்டாள்.

"அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்கு டீச்சர்? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

"நீங்க வாசிக்கலையா?"

"எனக்கு அரபில ஓதத்தான் தெரியும். இங்க இருந்து அரபிப் பேச்சும் பழகிருச்சு. தமிழ் எழுத்து தெரியாது."

ஜெபகனி சுவர்மேல் குனிந்தாள். "அப்ப அந்த எதிர்த்த கடைப்பலகைல உள்ளதை வாசிப்பியளா?"

"பலகையா? 'மருந்தகம்'. அதுக்குக் கீழ 'பின்பக்கம் வரவும்'. ஏன்?"

வந்த மூன்று மாதத்தில் இறங்கிய போதெல்லாம் ஜெபகனி அந்தக் கடையின் பூட்டிய முன்கதவைத் தட்டிப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். அதைச் சொன்னபோது மதீனா தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் அரைக்குருடு, நானும் அரைக்குருடு. நல்ல சோடி."

அன்று பகல் முழுக்க ஜெபகனி ஒரு வேலையும் ஓடாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே வெள்ளைவெள்ளையாக வீடுகள். அவற்றுக்குள் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. ரொஹேலியோவின் ஊரை நினைத்தாள். கப்பல்கள் வேறு வழி போனபிறகும் குன்றிலிருந்து இறங்கிப் போகாமல், மிஞ்சியதை வைத்து வீட்டுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அலுப்பு வராமலா இருந்திருக்கும்? மாலை சாய்ந்தபோது வேர்க்கடலைத் தோலியைப் போல ஏதோ ஒன்று தன்னிடமிருந்து உரிந்து விழுந்தது போலிருந்தது. ஆனால் அதைத் தேவசுந்தரத்திடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தே பழகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று ரொஹேலியோ விடைபெற வந்தார். கப்பலை விற்றுவிட்டார்கள். ஹாம்பர்க்கில் வேறு கப்பல் கிடைத்திருக்கிறது. மார்த்தா குன்றை விட்டு இறங்கி அங்கே வரச் சம்மதித்திருக்கிறாள், விசா கிடைத்தால். "சமதரையில் எப்படி நடப்பாளோ" என்றார். போகும்போது இரண்டு டின்களையும் தட்டிப் பார்த்தார். பச்சையில் ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து விரலாலேயே பூசிவிட்டு, பச்சை விரலோடு படியிறங்கினார். ஏறி வந்தபோதும் அவருக்கு மூச்சு வாங்கியிருக்கவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை. தேவசுந்தரம் டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் நின்றான். பெட்டியைப் பார்த்தான். "நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். டிக்கெட்டுக்கு ரூவி டவுனு வரைக்கும் போணும்லா" என்றான். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவன் இறங்கிப் போனான். போகிற வழியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஜெபா! நெறச்சிட்டேன்! பாரம் போடு!"

சுற்றிலும் பார்த்தாள். கல் கூடாது. குழம்பு இன்னும் கொதிக்கவில்லை. அவள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். சேலைகளுக்கு அடியில், வந்த நாளிலிருந்து தொடாமல் கிடந்தன பள்ளிக்கூடப் புத்தகங்கள். அரிச்சுவடியிலிருந்து எட்டாம் வகுப்பு வாசகம் வரை, ஊரிலிருந்து சுமந்து வந்தவை. ஒவ்வொன்றாக மஞ்சள் டின்னில் அடுக்கினாள். போதவில்லை. மேலே அம்மிக்குழவியை வைத்தாள்.

"மதீனா! வெளிய வாங்க! குழவிய மட்டும் திருப்பி அனுப்பிரணும். மத்தது அங்கயே இருக்கட்டும். சாயங்காலம் நான் எறங்கி வாறேன். நீங்க எனக்கு அந்தப் பலகையில இருந்து ஆரம்பிக்கணும்!"

தேவசுந்தரம் அண்ணாந்து பார்த்தான். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "என்ன அனுப்புத?" என்று கத்தினான்.

அவள் கயிற்றைத் தொட்டாள். மஞ்சள் டின் அசைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கத் தொடங்கியது. பச்சை டின் தண்ணீர் தளும்ப ஏறியது. பாறையின் நடுவில் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தபோது அவனுக்கு டின்னின் விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த புத்தக முனைகள் தெரிந்திருக்கவேண்டும். பாறையில் முட்டாமலிருக்கப் பச்சை டின்னின் அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றை அவன் இறுகப் பிடித்துவிட்டான். டின்கள் அங்கேயே நின்றன. சுவரின் மேல் நன்றாகக் குனிந்து, மதீனாவும் சந்தில் போகிற வருகிறவர்களும் பார்க்க, ஜெபகனி அவனைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.