சோப்புக்கு முன்னும் பின்னும்

"பயப்படாதே கண்ணு, அம்மா இருக்கேன்ல" என்ற ஒரே வரியைச் சொல்லியே வருடக்கணக்காக வீட்டு வாடகையைச் சமாளித்துக்கொண்டிருந்தாள் அவள். குழந்தை சோப்பு விளம்பரத்தின் குரல். ஊரே கேட்ட குரல். ஆனால் ஒரு பயலுக்கும் முகம் தெரியாது. புகழ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், தலை சீவாமல் கடைக்குப் போகலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

இன்று புதிய விளம்பரத்துக்கான ஒலிப்பதிவு. மைக் முன்னால் உட்கார்ந்தவள் வாசிக்க வேண்டிய தாளைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவர் அருகில், கையில் தேநீரோடு சோப்புக் கம்பெனியின் விளம்பர மேலாளர்.

"அக்கா, சிவப்பு லைட் எரியுது," என்றார் ஒலிப்பதிவாளர்.

"எரியட்டும். முதல்ல நான் அனுப்பின ரேடியோ பதிவைப் போடு தம்பி. சார் கேக்கணும்."

போன வாரம் பள்ளி வேனிலிருந்து இறங்கிய மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, நீ துடைப்பக் கட்சியா?"

கறுப்பு முகத்தின் மேல் ஒரு துடைப்பம். அதுதான் அந்தக் கூட்டத்தின் சின்னம். கறுத்தவர்களை ஊரைவிட்டே பெருக்கித் தள்ள வேண்டுமாம். விளக்குக் கம்பங்களில் எல்லாம் அந்த ஸ்டிக்கர். அடியில் அவர்களுடைய வானொலி நிகழ்ச்சியின் நேரம், பொடி எழுத்தில் வழங்குவோர் என்று சோப்பின் பெயர். அந்த நிகழ்ச்சியைத்தான் வேன் டிரைவர் தினமும் அலறவிடுகிறார், நடுநடுவே விளம்பரமாக அவள் குரலும். தாயும் மகளும் அந்தத் துடைப்பத்துக்குக் கீழே இருக்கும் முகத்தின் நிறம். அன்றிலிருந்து "கண்ணு" என்று கூப்பிட்டால் பிள்ளை கிட்டே வருவதில்லை. "அந்தக் குரல்ல பேசாதேம்மா" என்று காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மேலாளர் மரியாதையான மனிதர். அவள் இதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். "மேடம், நாங்க நேரத்தைத்தான் வாங்குறோம். நிகழ்ச்சியில என்ன பேசுறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க விளம்பரம் ஓடின துண்டை மட்டும் ஸ்டேஷன்காரங்க வெட்டி அனுப்புவாங்க. கேட்டுட்டுப் பணம் கட்டுவோம்."

"அதான் சார். ஒரு தடவை வெட்டாம கேளுங்க."

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். பெரிய ஸ்பீக்கரில் ஒருவன் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை பெருக்கப் போறோம்! தெருப் பேரைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க." ஒவ்வொன்றாகச் சொன்னான். நடுவில் அவள் தெருவும் வந்தது. அடுத்து ஒரு மணியோசை. தேன் தடவிய அவள் குரல்: "பயப்படாதே கண்ணு, அம்மா இருக்கேன்ல."

மறுபடி அவன். "அம்மா இருந்தா என்ன? அம்மாவையும் சேர்த்துத்தான்!"

மேலாளர் தேநீரைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"நம்புறேன் சார். இப்ப தெரியும்ல."

"சரி. அடுத்த மாசத்துல இருந்து அந்த நிகழ்ச்சியில விளம்பரத்தைச் சத்தமில்லாம எடுத்துடுறோம். இப்ப வாசிங்க."

"அவங்க சொல்ற ஞாயித்துக்கிழமை இந்த வாரம் சார். போட்டது ஊருக்கே கேக்குற மாதிரி. எடுக்கிறது மட்டும் ஏன் சத்தமில்லாம? எடுத்துட்டோம்னு சொல்லுங்க. எல்லா ஸ்டேஷன்லயும் சொல்லுங்க."

மேலாளரின் முகம் இறுகியது. "மேடம், உங்களை மாதிரி குரல் இந்த ஊர்ல நிறைய இருக்கு."

உண்மைதான். பஸ்ஸில் வரும்போது இதற்கென்றே வீராவேசமாக ஒரு பதிலைத் தயார் செய்திருந்தாள். அது முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது போலும். "கூப்பிட்டுக்கோங்க சார்" என்பது மட்டும் கீச்சென்று வந்தது.

"வேற யாரையாவது வரச் சொல்லுப்பா," என்றார் மேலாளர்.

ஏசி மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் எதிர்த்துப் பேசியிராத ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "சொல்றேன் சார். ஆனா யார் வந்தாலும் இதைப் போட்டுக் காட்டிட்டுத்தான் மைக் முன்னாடி உக்கார வைப்பேன்."

மேலாளர் அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். அவர் வாய் அசைவது தெரிந்தது, கை வீசுவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெளிச்சத்தம் புகாத அந்த அறையை அவள் முதல்முறையாக மனதாரத் திட்டினாள். ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். வேலை போச்சு என்று அர்த்தமா, தனக்கும் புரியவில்லை என்று அர்த்தமா?

திரும்பி வந்தவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னிக்கே நிறுத்துறோம். அறிவிப்பும் போடலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆனா நீங்கதான் வாசிக்கணும். எங்க சோப்புன்னா ஜனங்களுக்கு உங்க குரல்தான்."

இதை அவள் யோசிக்கவே இல்லை. துடைப்பக்காரர்கள் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று தேடுவார்கள். தெரு ஏற்கெனவே அவர்கள் கையில். முகம் தெரியாத சொகுசு இன்றோடு சரி. ஆனால் வேனில் பிள்ளை கேட்பாள்.

"எழுதுங்க சார்."

மேலாளர் தன்னிடமிருந்த விளம்பரத் தாளின் பின்பக்கம் எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்: எங்கள் சோப்பின் பெயர் இனி துடைப்பத்துக்குக் கீழே இருக்காது.

"இருந்தது எங்கள் தவறு. அதையும் சேருங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

அவள் தாளையே சுட்டிக் காட்டினாள். பேனா தயங்கித் தயங்கி அதையும் எழுதியது.

முதல் பதிவு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் நெளிந்தார். "அக்கா, குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரியே இருக்கு."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அப்ப எந்தக் குரல்ல சொல்றது?"

"உங்களோடதுலயே சொல்லுங்க."

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். அவள் குரலில் தேன் இல்லை. கரகரப்பு இருந்தது, ஓரிடத்தில் பிசிறடித்தது. நிறுத்தாமல் கடைசி வரை சொன்னாள்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், அந்த 'எங்கள் தவறு' மட்டும் கொஞ்சம் மெதுவா..."

"எடுத்தது எடுத்ததுதான் சார்," என்று ஹெட்போனைக் கழற்றினாள். "தம்பி, ஸ்டேஷனுக்கு அனுப்பிடு. பள்ளி வேன் கிளம்புறதுக்குள்ள ரேடியோல ஓடணும்."