என் மனைவியின் மொழிபெயர்ப்பாளர்

என் மனைவி ஆஸியா உம்மாவுக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும். கட்டுகஸ்தோட்டையில் முப்பத்தைந்து வருஷமாகப் பிடவைக் கடை நடத்துகிறேன்; சிங்களத்தில் பேசி ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆகையால் மாதாமாதம் மடவளையிலிருந்து கண்டிக்கு, சீனி வருத்தத்துக்கான கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப் போய் டொக்டரோடு பேசுவது என் உத்தியோகம்.

அதை நான் திறமாகத்தான் பார்த்தேன். டொக்டர் ஒன்று கேட்டால் அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது எதற்கு வீண் பேச்சு? மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா என்றால், ஒரு நேரமும் தப்பாது என்பேன். இனிப்புச் சாப்பிடுகிறாரா என்றால், வீட்டுக்குள்ளேயே வராது என்பேன். பகலில் தலை சுற்றுகிறது என்று ஆஸியா இரண்டு மூன்று தரம் சொன்னாள். வயசு போனால் தலை சுற்றத்தானே செய்யும், இதையெல்லாமா டொக்டரிடம் சொல்வது? விட்டுவிட்டேன்.

ஆனால் சீனி இறங்கவில்லை. மாதத்துக்கு மாதம் மருந்துக் குளிசையைக் கூட்டினார்கள். இனி ஊசிதான் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் ஆஸியா குசினியில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல். எனக்கு உயிரே போய்விட்டது.

இந்த மாதம் இருந்தவர் புது டொக்டர், மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அம்மா, உங்களுக்கு என்ன கா செய்யுது? நீங்களே சொல்லுங்க."

மட்டக்களப்பில் இரண்டு வருஷம் வேலை செய்து தமிழும் அந்த ஊர் 'கா'வும் பழகினாராம். போயும் போயும் இந்தக் கிளினிக்குக்கா வர வேண்டும்?

ஆஸியா என்னைப் பார்த்தாள். டொக்டரைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். அல்லாஹ்வே, இவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா? தலைசுற்று, கைநடுக்கம், வேர்வை என்று ஒன்றும் பாக்கியில்லை.

"கிழமைல ரெண்டு நாள் குளிசை போடுறல்ல," என்றாள் கடைசியில். "திங்களும் வியாழனும் களா நோன்பு பிடிக்கிற."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடியக் கடைக்குப் போய் இரவுக்கு வருகிறவன் நான்; பகலில் அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

டொக்டருக்குக் 'களா' விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். களா என்றால் விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பது; அவளுக்கு எந்த நோன்பு பாக்கி என்று எனக்கும் தெரியாததால், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளிடம் கேட்டேன்.

"என்ன களா, ஆஸியா?"

"நாலு புள்ளைகளயும் பெத்து, பால் குடுத்த காலத்துல விட்ட நோன்பு. நூத்திப் பதினாலு. மௌத்தாக முந்திப் பிடிச்சி முடிக்கோணும். இன்னம் நாப்பத்திரண்டு ஈக்கு."

சிங்களத்தில் சொன்னேன். சாகிறதுக்கு முன் முடிக்க வேண்டுமாம் என்பதையும் சேர்த்தேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்திலேயே பேசினார். நோன்பு நாளில் மருந்தில்லாமல் சீனி ஏறியிருக்கிறது. அது தெரியாமல் கூட்டிய குளிசை, மற்ற நாளில் சீனியை அடியோடு இறக்கியிருக்கிறது. இதற்கு மேல் ஊசியும் போட்டிருந்தால் அம்மா எழும்பியிருக்க மாட்டார். ஒரு நேரமும் தப்பாது என்று நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"ஏன் கா இத முந்திச் சொல்லல்ல?" என்று டொக்டர் அவளைக் கேட்டார்.

ஆஸியா மளமளவென்று ஏதோ சொன்னாள். டொக்டரால் பிடிக்க முடியவில்லை. "அம்மா என்ன சொன்னார்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள்," என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

அவள் சொன்னது இதுதான்: "எனக்குச் சிங்களம் தெரியாதுண்டு நான் ஒரு நாளும் கவலப்படல்ல. இவருக்குத் தெரியுமே, அதுதான் எனக்குக் கவல."

வெட்கத்தில் சொல்லவில்லையாம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அவள் நெற்றித் தழும்பைப் பார்த்தேன். கூட்டாமல், குறைக்காமல், அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குளிசையைப் பாதியாக்கினார். சீனி ஒரு நிலைக்கு வரும்வரை நோன்பு வேண்டாம், பிறகு நோன்பு நாளுக்கென்று மருந்தை மாற்றித் தருகிறேன் என்றார். ஆஸியா தலையாட்டினாள்.

"அடுத்த மாசம் ஐயா வரத் தேவல்ல," என்றார் டொக்டர்.

எனக்கு முகம் தொங்கிப்போனது. ஆஸியா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"இல்ல டொக்டர், அவரும் வரட்டும். வெளிய கதிரை ஈக்குதானே."