நல்ல கரண்ட் வந்த காலை

எங்கள் வீட்டில் வோல்டேஜ் பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும், அதுதான் எல்லாம். அது மஞ்சளாக அழுதுவடிந்தால் யாரும் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது. வெள்ளையாக எரிந்தால் போகலாம். என் மாமனார் போட்ட சட்டம். வெள்ளையாக எரிந்து நான் பார்த்ததே அபூர்வம். தெருக்கோடி வீடு இல்லையா, எல்லோரும் இழுத்தது போக மிச்சம் மீதிதான் எங்களுக்கு.

மாமாவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் அவர் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தால், பிற்பாடு அவர் எழுதிக் காட்டுவதை மெஷின் அவர் குரலிலேயே பேசுமாம். அதனால் இரைச்சல் கேட்காமலிருக்க ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, பல்பு மஞ்சளாக இருந்தாலும் தன் சட்டத்தைத் தானே மீறி, வேர்வை சொட்டச் சொட்ட மாமா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தார். கீழ்வீட்டில் மோட்டார் போட்டால் போதும், கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும்.

"எமனாவது ஒரு தடவைதான் வருவான். இந்த மோட்டார் நாளுக்குப் பத்துத் தடவை வருது," என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்.

எப்படியோ முடித்தார். நெட்டில் அனுப்பலாம் என்றால் மோடமும் செத்துச் செத்துப் பிழைத்தது. யூ.பி.எஸ். எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்க வாங்கி வைத்திருந்த டிஸ்க்கில் ஏற்றும்போது கரண்ட் போனால் இருப்பதும் கெட்டுவிடும் என்று பயந்து, பல்பு வெள்ளையாக எரியும் வேளைக்குக் காத்திருந்தோம்.

ஆபரேஷன் அன்று நானும் அத்தையும் வீட்டில் இருந்தோம். மாமாவை உள்ளே கொண்டுபோய்விட்டதாக என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேன் இறக்கை தெரியாமல் சுற்றியது.

"இன்னைக்குன்னு பார்த்துக் கரண்ட் எப்படி வந்திருக்கு பாரு," என்றார் அத்தை. அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தே பல நாளாகியிருந்தது. "நல்ல சகுனம்தான். இப்பவே ஏத்திடும்மா."

எனக்கும் வாயெல்லாம் பல். ஓடிப்போய் டிஸ்க்கைச் செருகினேன். பாதிக்கு மேல் ஏறியது. பல்பு இன்னும் வெளுத்து, கண் கூசியது. குறைந்த கரண்டிலேயே குப்பை கொட்டியவளுக்கு, கூடினாலும் கெடுதல் என்று யார் சொன்னார்கள்? படாரென்று ஒரு சத்தம். கருகல் வாடை. டிஸ்க்கின் விளக்கும் அணைந்தது.

தெருவில் ஆளாளுக்கு டி.வி. போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கம்பத்துல நியூட்ரல் ஒயர் விட்டுப்போச்சு. அதான் கரண்ட் எகிறி அடிச்சிருக்கு," என்றார் லைன்மேன். "ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

எதை எழுதிக் கொடுப்பது? கம்ப்யூட்டர் பெட்டியையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுலயும் சிப்பே வெடிச்சிருக்கு. எடுக்க ஒண்ணும் இல்லைங்க."

"வேற எங்கயாவது கொண்டுபோனா?"

"வீண் அலைச்சல்."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் அழக்கூட இல்லை. "நான்தானே ஏத்தச் சொன்னேன்," என்று மட்டும் சொன்னார். அவருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் கணவர் போன் செய்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. அப்பா முழிச்சுட்டாரு. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரு, சத்தம் வரலை. ரொம்பப் பயந்துட்டாரு. அவர் பேசினதுல ஏதாவது ஒண்ணை எனக்கு அனுப்பேன். போட்டுக் காட்டினா சமாதானமாயிடுவாரு."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லைங்க," என்றேன்.

"சரி, வந்ததும் அனுப்பு. அப்பாகிட்ட சொல்லிடறேன்."